ஓட்டுநர் இல்லாத ரயிலை அப்பாயிக்கு விளக்குவது

"வீட்டுல கொஞ்சம் இங்கிலீஷ் பேசுங்க." சிங்கப்பூரில் பிள்ளை வளர்க்கிற தமிழ்ப் பெற்றோரில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. பள்ளியில் ஆசிரியர் சொல்லியிருப்பார். துணைப்பாட நிலையத்தில் கட்டணம் வாங்குகிற பெண் சொல்லியிருப்பார். சிராங்கூன் ரோட்டில் கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்தில் ஒன்றுவிட்ட அத்தை சொல்லியிருப்பார். எல்லாருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எதிர்த்துப் பேச எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. கெட்ட எண்ணத்தோடு சொன்னதை உடனே மறுத்துவிடலாம். அக்கறையோடு சொன்னதை மறுக்கப் போனால் நாம்தான் அக்கறை இல்லாதவர்களாகத் தெரிவோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தமிழ்ப் பற்றுக் கட்டுரை இல்லை. தாய்மொழியைக் காப்பதைப் பற்றி ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடக்கும்போது நிறையப் பேர் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். என்னுடைய கவலை இங்கே ஆங்கிலத்தைப் பற்றியது மட்டும்தான். வீட்டில் யாருக்கும் சரளமாக ஆங்கிலம் வராத ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்றால் வீடு என்ன செய்யலாம், பள்ளி என்ன செய்யலாம்? உட்லண்ட்ஸில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் வாரயிறுதி வாசிப்பு வகுப்பில் தொண்டூழியராக இருக்கிறேன். அங்கே வந்த ஒரு பையனும் அவனுடைய அம்மாவும்தான் இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டுப் போனவர்கள்.

அந்தப் பெண் பக்கத்து புளோக். பட்டுக்கோட்டைப் பக்கம். மகனுடைய பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு, கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, துணைக்கு வாங்கக்கா என்று கூப்பிட்டாள். ஆசிரியர் இளம்வயதுச் சீனப் பெண்மணி, பொறுமையானவர். பையன் ஒழுங்கானவன், கணக்கு நன்றாகப் போடுகிறான், ஆனால் வகுப்பில் கையே தூக்குவதில்லை, கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்து வரியில் நின்றுவிடுகிறான் என்றார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றதும் முகத்தில் ஒரு தெளிவு. முடிந்தவரை ஆங்கிலம் பேசிப் பாருங்கள், உதவியாக இருக்கும் என்றார். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது. தலையாட்டினாள். வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது கேட்டாள்: "அக்கா, அப்ப இவன்கிட்ட நான் இனிமே என்னக்கா பேசறது?"

எப்போதும் பேசுவதையே பேசு என்றேன். ஆனால் நான் தொண்டூழியர்தானே, சொன்னவர் ஆசிரியர். அவள் ஆசிரியர் பேச்சைத்தான் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானே அவள் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

செய்தது அரைகுறையாகவும் இல்லை. பி.காம். படித்தவள், ஆங்கிலக் கடிதம் ஒன்றை எழுத்துக்கூட்டாமல் படிப்பாள். பேச்சு மட்டும் வராது, பேசுவதற்கு அங்கே யாரும் இருந்ததில்லை. மறுநாளிலிருந்து வீட்டில், கம், ஈட், பேத், ஹோம்வொர்க் ஓவர், டோன்ட் ஜம்ப், ஸ்லீப். அவளிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது, கேலி பண்ண முடியாது, மாமியாரைப் பற்றி மகனிடம் ஜாடையாகக் குறை சொல்ல முடியாது. முன்பு சமையலறை வாசலில் நின்று எதையாவது தொணதொணத்துக்கொண்டிருந்த பையன், அம்மா திணறுவதைப் பார்த்துவிட்டுத் தானும் சுருக்கமாகப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டான். கணவர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை, வீடு வந்து சேர இரவு ஒன்பதாகிவிடும். வீட்டில் இருந்த பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது என்று சொல்வதைவிட, இருந்த பேச்சும் போய்விட்டது என்று சொல்வதே பொருத்தம்.

இன்னொன்றும் உண்டு. குடும்பம் இங்கே வந்த புதிதில் தனி வீடு எடுக்கக் கட்டுப்படியாகவில்லை. வேறொரு குடும்பம் இருக்கிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை. சமையலறைக்கு நேரம் உண்டு, துணி துவைக்கக் கிழமை உண்டு, சத்தம் போடக்கூடாது. வாடகை அறையில் வளர்ந்த பிள்ளைகளை எனக்குப் பார்த்தவுடனே தெரியும். மெதுவாகப் பேசுவார்கள், கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார்கள், எல்லாரும் சமர்த்துப் பிள்ளை என்பார்கள். 'வீட்டுச் சூழல்' என்று பெரிய பெரிய அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதில் பெற்றோரின் படிப்பு வரும், வருமானம் வரும், வீட்டில் எத்தனை புத்தகம் என்று வரும். பிள்ளை சத்தம் போட்டுப் பேச அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி அதில் வருவதை நான் பார்த்ததில்லை.

திருச்சிக்கும் சாங்கிக்கும் நடுவே

பட்டுக்கோட்டையில் அவன் படித்ததும் ஆங்கில வழிப் பள்ளிதான். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ், கேள்வி பதில் மனப்பாடம். 'என் தாய்' என்று ஆங்கிலத்தில் பத்து வரி கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான், நடுவில் நிறுத்தி உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவான். அந்தப் பள்ளியைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. அந்த வகுப்பறையில் ஆசிரியர் தமிழர், பிள்ளைகள் தமிழர், தண்ணீர் குடிக்கப் போகவோ பக்கத்துப் பையனோடு சண்டை போடவோ யாருக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. தேவைப்படாத மொழியை எப்படிக் கற்பிக்க முடியுமோ அப்படித்தான் கற்பித்தார்கள். அது அங்கே அந்நிய மொழி.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே அரசாங்கப் பள்ளியில் சேர ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு எழுத வேண்டும். பழைய தாள்களைப் போட்டுப் போட்டுப் பழகி அதில் தேறிவிட்டான். தொடக்கநிலை இரண்டில் இடம் கிடைத்தது. 1987இல் தேசியப் பள்ளிகள் எல்லாமே ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்ட ஒரே அமைப்பாகிவிட்டன. தாய்மொழிப் பாடம் தவிர கணக்கு, அறிவியல், அறிவிப்பு, திட்டு, பாராட்டு அத்தனையும் ஆங்கிலம். திருச்சியில் விமானம் ஏறியபோது அந்நிய மொழியாக இருந்தது நாலு மணி நேரம் கழித்துச் சாங்கியில் இறங்கும்போது முதல் மொழி ஆகிவிட்டது. பையன் மட்டும் அதே பையன்.

பள்ளி இதற்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த உடனே வாசிப்பில் பின்தங்கியிருக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, சிறு குழுக்களாகத் தனியே உட்கார வைத்துக் கற்பிக்கிற கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். அந்தக் கண்டறிதல் நடந்த சமயத்தில் இவன் பட்டுக்கோட்டையில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

இதற்கிடையே அவனைச் சுற்றியிருக்கிற வீடுகளும் மாறிவிட்டன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 32.3 விழுக்காடு. 2020இல் அது 48.3. தமிழ் 3.3இலிருந்து 2.5 ஆயிற்று. ஆக, வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தாலாட்டே ஆங்கிலத்தில் கேட்டு வந்தவர்கள். அவர்கள் கை தூக்குகிறார்கள், இவன் தூக்குவதில்லை. ஆசிரியர் அதைப் பார்த்து, வீட்டில் ஆங்கிலம் இருப்பதுதான் வித்தியாசம் என்ற முடிவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அந்த வீடுகள் பிள்ளைக்குக் கொடுத்தது ஆங்கிலம் மட்டும்தானா? படுக்கப் போகும்போது ஒரு புத்தகம், சாப்பிடும்போது ஒரு விவாதம், பிள்ளை சொல்வதை முடிக்கும் வரை காத்திருக்க ஒரு பெரியவர் என்று இன்னும் பலவும் சேர்ந்துதானே வந்திருக்கும்? அதே கணக்கெடுப்பில் இன்னொரு தகவல் உண்டு. வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசுகிறவர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் தங்கள் தாய்மொழியையும் கூடவே பேசுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பேச வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நம்மவர்கள்தான் அப்படிப் புரிந்துகொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

ஒரு படம்

வாசிப்பு வகுப்பில் சில நாள் படம் காட்டிப் பேச வைப்போம். தொடக்கநிலை இறுதித் தேர்வின் ஆங்கில வாய்மொழியில் அப்படி ஒரு பகுதி இருக்கிறது, சின்ன வகுப்பிலேயே பழகட்டும் என்று. அன்றைய படத்தில் ஒரு பூங்கா. பெஞ்சில் ஒரு பாட்டி, தரையில் சிதறிய குப்பை, ஓடுகிற ஒரு பையன், முகம் சுளிக்கிற ஒரு பெண். என்ன நடக்கிறது என்று கேட்டேன். ஆங்கிலத்தில் வந்தது: பையன், குப்பை, போடுகிறான். சரியா தப்பா? தப்பு. ஏன்? பதில் இல்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தமிழில் கேட்டால் கொட்டப் போகிறான், அதை அவன் அம்மாவிடம் சொல்லலாம், முடிந்தால் ஆசிரியரிடமும் சொல்லலாம். "சரி, தமிழ்ல சொல்லு பாப்போம்" என்றேன். படத்தைப் பார்த்தான். "ஒரு பையன். குப்பை போடறான்." அப்புறம்? "அவ்ளோதான்." அந்தப் பாட்டி என்ன நினைப்பாங்க? "தெரியல." அந்தப் பையன் ஏன் ஓடறான்? "தெரியல டீச்சர்." ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் வேறு பக்கம் திரும்பியது. அவனிடம் இல்லாதது ஆங்கிலம் மட்டும் இல்லை. பார்த்த ஒன்றைத் தொடர்ச்சியாகச் சொல்வது, அதற்கு ஒரு காரணம் ஊகிப்பது, ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறப்பது, இந்தப் பழக்கமே அவனிடம் எந்த மொழியிலும் இல்லை. ஊரில் வாயாடியாக இருந்தான் என்று அவன் அம்மா சொல்வாள். நம்புகிறேன். அது வாடகை அறையிலும், அப்புறம் கம்-ஈட்-ஸ்லீப்பிலும் தேய்ந்துவிட்டது. அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி லில்லி வாங் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் 1991இலேயே எழுதியிருக்கிறார். சின்ன வயதிலேயே பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய் வீட்டு மொழி தேய்ந்துவிட்டால், பெற்றோர் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லி வளர்க்கிற வழியே அடைபட்டுப் போகிறது என்பதுதான் அவருடைய கவலை. பக்கத்து புளோக்கில் நடந்தது அதைவிடக் கொஞ்சம் மோசம். ஆங்கிலம் வருவதற்கு முன்பே வீட்டு மொழி போய்விட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் ஆசிரியரின் அறிவுரை மேல் போடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கேட்கப் பிடிக்காது. பிள்ளைகளிடம் நாம் நிறையப் பேசுகிறோம், அவர்களைப் பேச விடுவதில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்போம். வந்தவர்கள் முன்னால் ஒரு குறள் சொல்லு, ஒரு பாட்டுப் பாடு என்போம். உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க மாட்டோம். காரணம் கேட்கிற நேரமெல்லாம் திட்டுகிற நேரம்தான். ஏன் லேட்டு, ஏன் மார்க் குறைஞ்சது, ஏன் தண்ணி பாட்டில தொலைச்ச? இப்படியே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் வாய்மொழித் தேர்வில் ஒருவர் அன்பாக, அந்தப் பையன் ஏன் அப்படிச் செய்தான் என்று நினைக்கிறாய் என்று கேட்டால், அவன் காதில் குற்ற விசாரணையாகத்தான் விழும். தெரியல என்பதுதான் பத்திரமான பதில்.

என் அப்பா நல்ல உதாரணமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்து, வெள்ளைக்காரர்கள் 1968இல் பட்டறையை ஒப்படைத்த பிறகு கப்பல் பட்டறையிலேயே தொடர்ந்தவர். தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அவருடைய ஆங்கிலம் முழுக்க நட்டு, போல்ட்டு, ரசீது, கையெழுத்து. எங்களிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியதில்லை. எங்களைச் சேர்த்ததோ ஆங்கிலப் பள்ளியில். சொங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தமிழ் முரசை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும், "சரி, இதுல யார் செஞ்சது நியாயம்?" என்பார். நான் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் பேசுவார். அப்பத்தாவுக்கு அது பிடிக்காது, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு வாய் என்பார். அப்பா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார், ஆனால் அண்ணனை எதிர்ப்பக்கம் பேசி அவர் சீண்டியதில்லை, அவனுக்கு உத்தரவுகள்தான். இன்றைக்கும் நீண்ட மின்னஞ்சல் எழுத வேண்டுமென்றால் அண்ணன் என்னைத்தான் கூப்பிடுகிறான். இரண்டு பேருமே ஒரே பள்ளி வளாகம், ஒரே ஆசிரியர்கள்.

முட்டிவலி

அந்தப் பையனின் அம்மாவிடம் போய், மறுபடியும் தமிழிலேயே பேசு என்று சொன்னேன். கேட்கவில்லை. தொடக்கநிலை மூன்று வந்துவிட்டது, அறிவியலும் வந்துவிட்டது, இப்போது போய்த் தமிழா என்று பயந்தாள். ஆகவே அடுத்து நடந்ததற்கு நான் காரணம் இல்லை.

ஊரில் இருக்கிற அப்பாயிக்கு, அதாவது அவன் அப்பாவின் அம்மாவுக்கு, முட்டிவலி வந்துவிட்டது. வயலுக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, திண்ணையில் உட்கார்ந்தபடி பேச ஆள் தேடினார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, அம்மாகிட்ட குடு என்பதோடு முடியும். இப்போது பேரன் பள்ளிவிட்டு வரும் நேரம் பார்த்துத் தினமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அப்பாயிக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது, அதனால் அந்த நேரம் மட்டும் வீட்டில் தமிழுக்கு அனுமதி. காய் நறுக்கியபடி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எனக்கு வந்து ஒப்பிப்பாள்.

ஒருநாள் எங்கே போயிருந்தாய் என்று அப்பாயி கேட்க, ரயிலில் போனேன், அதில் ஓட்டுகிறவரே இல்லை என்றிருக்கிறான். உட்லண்ட்ஸில் 2020இல் வந்த தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடத்து ரயிலைச் சொல்கிறான். முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதற்காகப் பையன்கள் அடித்துக்கொள்கிற ரயில். அப்பாயி விடுவாரா? ஓட்டறவன் இல்லாம எப்படிடா நிக்கும்? தானா நிக்கும் அப்பாயி. எங்க நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர்ல சொல்லி வச்சிருப்பாங்க. சொல்லி வச்சது மறந்துபோச்சுன்னா? மறக்காது, வேற ஒரு ரூம்ல ஆளுங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. அப்ப அவங்களே வந்து ஓட்ட வேண்டியதுதானே, எதுக்கு அங்க உக்காந்திருக்கானுங்க? இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அப்பா வரும்வரை தூங்காமல் காத்திருந்து கேட்டுவிட்டு, மறுநாள் அவனே போன் போடச் சொல்லியிருக்கிறான்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஜிம் கம்மின்ஸ் நினைவுதான். கனடாவில் இருக்கும் கல்வியாளர், 1979இல் ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். எதிரில் இருப்பவரோடு, கண் முன்னால் இருக்கிற பொருளைப் பற்றிப் பேசுகிற பேச்சு வேறு. கண்ணில் படாத ஒன்றைப் பற்றி, அதை அறியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்கிற பள்ளிக்கூட மொழி வேறு. முன்னது புது மொழியில் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பின்னது வர ஐந்திலிருந்து ஏழு வருடம்கூட ஆகலாம். ஆனால் அந்த இரண்டாவது திறமையை ஒரு மொழியில் வளர்த்துக்கொண்டால் அடுத்த மொழிக்கும் அது கூடவே வரும் என்பார். பட்டுக்கோட்டைத் திண்ணையில் இருக்கிற ஒருவருக்கு உட்லண்ட்ஸ் ரயிலைப் புரிய வைப்பது அந்த இரண்டாவது வகைதான். கட்டுரை எழுதுவதும் அதேதான். தண்ணீர் எப்படி ஆவியாகிறது என்று அறிவியல் தாளில் மூன்று வரி எழுதுவதும் அதேதான். அப்பாயி ஓர் ஆங்கில எழுத்தும் தெரியாமல் பேரனுக்கு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து வாசிப்பு வகுப்பில் பயணம் பற்றிப் பேச்சு வந்தது. இவன் கை தூக்கினான். உள்ளே டிரைவர் இல்லை, ஆனால் கம்ப்யூட்டருக்கு எங்கே நிற்க வேண்டுமென்று தெரியும், ஏனென்றால் ஆட்கள் முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஆனால் வேறு அறையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். 'நோ டிரைவர் ஒன்', 'காட் பீப்புள் சீ' என்கிற ஆங்கிலம்தான். காலமும் இல்லை, ஒருமை பன்மையும் இல்லை. ஆனால் நடுவில் 'பிகாஸ்' இருந்தது, 'பட்' இருந்தது, ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. காலத்தையும் பன்மையையும் பள்ளி சரிசெய்துவிடும், அது பள்ளிக்குக் கைவந்த வேலை.

பள்ளியின் பங்கு

பள்ளி அறியாததை நான் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. 2010இலிருந்து எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் வந்திருக்கிற ஸ்டெல்லர் என்ற ஆங்கிலப் பாடத்திட்டமே இப்படித்தான். பெரிய புத்தகத்தை எல்லாரும் சேர்ந்து படிக்கிறார்கள், ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசியதைச் சேர்ந்து எழுதுகிறார்கள், அதற்குப் பிறகுதான் தனியாக எழுதுவது. பேச்சு முதலில், எழுத்து பிறகு. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் ஒரு வகுப்புக்கு முப்பது பேர்தான் என்றாலும், முப்பது பேரில் கை தூக்காதவனுக்கு எத்தனை முறை வாய்ப்பு வரும்? பேச்சை நம்புகிற பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு, பேசாதவன் வீட்டுக்குப் போய்ச் சரியாகி வரட்டும் என்கிறோம். வீட்டில் இல்லாத ஆங்கிலம் பள்ளியில்தான் கொட்டிக் கிடக்கிறது. அதையே வீட்டிடம் கேட்பது என்ன நியாயம்?

அவன் கை தூக்காமல் போனதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு, பிறகுதான் தெரிந்தது. வரிக்குதிரையை ஊரில் சொல்வதுபோல 'ஜீப்ரா' என்றானாம். இரண்டு பேர் சிரித்தார்கள், அவர்களில் ஒருவன் தமிழன். ஆசிரியர் கவனிக்கவில்லை. அதோடு முடிந்தது. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அந்த வயதில் அது ஒரு வருடத்துக்குப் போதும்.

சிற்றுண்டிச் சாலை மட்டும் வேறு உலகம். யாரும் திருத்தாத இடம். அவனுடைய முதல் சொந்த ஆங்கில வாக்கியம், யாரும் கேட்காமல் அவனாகவே சொன்னது, ஓடிப்பிடித்து விளையாடும்போது வந்ததாம்: "ஏய், நாட் கவுன்ட் லா!" 2000இலிருந்து நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் நடக்கிற ஊரில் இதைக் கொண்டாடுவது தப்பாக இருக்கலாம். எனக்கு அந்த லாவில் ஆட்சேபம் இல்லை. சண்டை போடத் தேவைப்பட்ட மொழி அந்நிய மொழியாக இருக்க முடியாது.

வீட்டில் தமிழ்ப் பேச்சு இருந்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலச் சொற்கள் ஆங்கிலப் புத்தகத்திலிருந்துதான் வரவேண்டும், வேறு வழி கிடையாது. அதற்குத்தான் நூலகம் இருக்கிறது, வசதி குறைந்த பிள்ளைகளுக்காக 2004இலிருந்து தேசிய நூலக வாரியம் நடத்துகிற கிட்ஸ்ரீட் வாசிப்புத் திட்டம் இருக்கிறது, எங்களைப் போன்ற அரைகுறைத் தொண்டூழியர்கள் இருக்கிறோம். எதிர்ப்பக்கத்து உதாரணமும் என் சொந்தத்திலேயே உண்டு. கொண்டோமினிய வீடு, அப்பா அம்மா பிள்ளை எல்லாருக்கும் ஆங்கிலம்தான், பணிப்பெண்ணோடும் ஆங்கிலம்தான். பள்ளி எப்படி என்றால் 'ஓகே', என்ன படித்தாய் என்றால் 'நத்திங்', கண் டேப்லட்டில். உச்சரிப்பு மட்டும் அழகாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், என் தோழி, இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. "ஆங்கிலம் பேசுங்கன்னு சொல்றது ஆசிரியருக்குச் சுலபம், பெற்றோருக்கும் செய்யச் சுலபம். நீ கேக்கறது நேரம். இரவு ஒன்பது மணிக்கு வர்ற அப்பாகிட்ட அது எங்க இருக்கு? எல்லா வீட்டுலயும் முட்டிவலி வந்த அப்பாயி கிடைப்பாங்களா?" என்றார். கிடைக்க மாட்டார்கள்தான்.

அதனால் எங்கள் வகுப்பில் வாசிப்புக்கு முன் அரைமணி நேரம், கீழ்த்தளத்து மூத்தோர் நிலையத்திலிருந்து வர விருப்பமுள்ளவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு மூத்தவர். பிள்ளை எதையாவது விளக்க வேண்டும், அவர் புரியும்வரை கேட்க வேண்டும். தமிழ்ப் பாட்டிகள் இரண்டு பேர் வருகிறார்கள், கேள்வி கேட்பதைவிட மிட்டாய் கொடுப்பதில்தான் ஆர்வம். ஒரு சீனத் தாத்தா வருகிறார், அவருக்கு ஆங்கிலம் பிள்ளைகளைவிடக் குறைவு. விடவே மாட்டார். போனில் விளையாடுகிற ஒரு விளையாட்டில் செத்தவன் எப்படித் திரும்பி வருகிறான் என்று ஒரு சிறுமியைக் கேட்டு அரைமணியும் போய்விட்டது, அவள் எழுந்து நின்று கையைக் காலை ஆட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

நம் பையன் இதற்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு ஆங்கிலத் துணைப்பாடம், மாதம் 200 வெள்ளி. எதுக்கும்மா இது, இப்பதான் நல்லாப் பேச ஆரம்பிச்சுட்டானே என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அதுவும் இருக்கட்டுமேக்கா" என்றாள்.